வாங்க மறுத்தார்

ஜெர்மனியில் என்னை முதலில் பயமுறுத்தியது குளிரும் இல்லை, மொழியும் இல்லை. ஒரு மஞ்சள் உறை. நியூரன்பெர்க் நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் பதினாறு தகரப் பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ப்ரீஃப்காஸ்டன் என்பார்கள், கடிதப் பெட்டி. ஒவ்வொன்றிலும் குடியிருப்பவரின் பெயர் ஒட்டியிருக்கும். பெயர் ஒட்டாத ஆள் இங்கே இல்லாத ஆள். வந்த புதிதில் சைக்கிளில் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். சில வாரம் கழித்து ஒரு காலையில் நான் கீழே இறங்கியபோது, தபால்காரர் மஞ்சள் உறை ஒன்றோடு எங்கள் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் என் இரண்டு கைகளும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. "நைன், நைன்" என்றேன். வேண்டாம், வாங்கமாட்டேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை எடுத்து உறையின் மேல் அன்றைய தேதியை எழுதினார், பெட்டிக்குள் போட்டார், நல்ல நாளாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

நான்கு நாள் நான் அந்த உறையைத் தொடவில்லை. பெட்டி மூடியின் இடுக்கில் மஞ்சளாகத் தெரிந்துகொண்டே இருந்தது. எடுக்காதவரை அது எனக்கு வரவில்லை என்பது என் எண்ணம். மேல் மாடியில் இருக்கும், பேருந்து ஓட்டும் பெண்மணி ஃப்ராவ் லிண்ட்னர்தான் ஐந்தாம் நாள் என்னை நிறுத்தி, உங்கள் பெட்டியில் கோர்ட்டு மாதிரி ஏதோ கிடக்கிறதே என்றார். நான் இன்னும் வாங்கவில்லை என்றேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. பெட்டிக்குள் விழுந்த நாளே உங்களுக்குக் கிடைத்த நாள், படித்தீர்களா தொட்டீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள், அதற்காகத்தான் மேலே தேதி எழுதுகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். "எங்கள் நாட்டில் அப்படி இல்லை. கை நீட்டி வாங்கினால்தான் வந்ததாக அர்த்தம்" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கீழ்வேளூருக்குப் பக்கம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர், குத்தகையில் நாலு ஏக்கர். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, சென்னையில் போய் உட்கார்ந்துகொண்ட நிலச் சொந்தக்காரர், குத்தகையை விட்டு எழுந்திரு என்று அப்பா மேல் வழக்குப் போட்டார். கோர்ட்டு நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற சிப்பந்திக்கு எங்கள் பக்கம் இன்றைக்கும் அமீனா என்றுதான் பெயர். அமீனாவின் மொபெட் மதகுக்கு அந்தப் பக்கம் தெரிந்ததுமே நான் வரப்பில் ஓடுவேன். அப்பா நட்டுக்கொண்டிருக்கும் வயலின் நட்டநடுவுக்குப் போய் நின்றுகொள்வார். அமீனாவுக்கு இஸ்திரி போட்ட பேண்ட். கரையில் நின்று கூப்பிடுவார்.

"கொஞ்சம் மேல வாங்களேன். ஒரே ஒரு கையெழுத்து."

"நாத்து காஞ்சுடுங்க. இந்த முடிய வச்சுட்டு வந்துடறேன்."

அந்த நாற்று முடி முடிந்தால் அடுத்த முடி. நடவுப் பெண்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். வெயில் ஏறியதும் அமீனா 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். இப்படியே பல குறுவை, பல சம்பா போயின. கடைசியில் நிலச் சொந்தக்காரர் சலித்துப்போய் சமரசத்துக்கு வந்தார். அந்த நாலு ஏக்கரை இன்னும் நாங்கள்தான் உழுகிறோம். "கையில வாங்கினாத்தான் கேஸு. வாங்காத கடுதாசி வெறும் கடுதாசி" என்பது அப்பா எல்லோருக்கும் சொல்லும் பாடம். எங்கள் வீட்டு விருந்துகளில் இந்த அமீனா கதை பாயசத்துக்கு முன்னால் வந்துவிடும். என் கல்யாண விருந்திலும் வந்தது. புரையேறும் அளவுக்குச் சிரித்தவர் மாப்பிள்ளை. பக்கத்து இலையில் இருந்த நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை அந்நியர் இல்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா தஞ்சாவூரில் இருக்கிறார். அந்த அத்தையின் மகன். சின்ன வயதிலிருந்தே அத்தான் என்று கூப்பிட்டுப் பழகியவர். தஞ்சாவூரில் கல்யாணம், பிறகு அவருடைய கம்ப்யூட்டர் வேலைக்காக ஜெர்மனி, இங்கே யாழினி பிறந்தாள். இப்போது அவளுக்கு எட்டு வயது. நான் மொழி படித்து, முதியோர் பராமரிப்புக்கான மூன்று வருடப் பயிற்சி முடித்து, ஒரு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த அதே மாதத்தில் அத்தானுக்கு இந்த நாடு அலுத்துவிட்டது. ஊரிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தது, கிளம்பலாம் என்றார். நாங்கள் கத்திச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அடி உதை எதுவும் இல்லை. யாழினிக்குப் பள்ளி வருடம் முடியட்டும் என்றேன். முடிந்தது. அடுத்த வருடம் முடியட்டும் என்றேன். வரமாட்டேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அவர் மட்டும் தனியாகக் கிளம்பிப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

நடுவில் ஒருமுறை, எதற்கும் தெரிந்துவைத்துக்கொள்வோம் என்று இங்குள்ள பெண்கள் ஆலோசனை மையத்துக்குப் போனேன். இந்த நாட்டில் விவாகரத்துக்கு முன் ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ட்ரென்னுங்ஸ்யார் என்று அந்த வருடத்துக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டுகூடப் பிரிந்து வாழலாமாம்; ஆனால் ஒருவருக்கொருவர் சமைக்கக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், "ஒன்றாக இருந்த காலத்தில் சேர்ந்துதானே சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். அவர் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிடுவேன் என்றேன். அந்த அம்மாள் முகம் மாறியது. குனிந்து எதையோ எழுதினார். அப்போதே பிரிவு தொடங்கிவிட்டது என்று எழுதுகிறார் எனப் புரிந்து, இல்லை இல்லை, அது அன்பாக இருந்த காலம், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கூடுதலாக இரக்கப்பட்டார். அவர் வைத்திருந்த அளவுகோலால் அளந்தால் என் அப்பாவும் அம்மாவும் நாற்பது வருடமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். வெளியே வந்து தனியாகச் சிரித்தேன். ஆனால் கிளம்பும்போது அவர் சொன்ன ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டேன். உங்கள் திருமணம் இந்தியாவில் நடந்தது, வாழ்வது இங்கே, எனவே வழக்கு எந்த நாட்டிலும் வரலாம், யார் முந்துகிறார்கள் என்பது முக்கியம் என்றார். முந்துவதற்கு இது என்ன பஸ்ஸில் இடம் பிடிப்பதா என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் முந்திவிட்டார். போன ஐப்பசியில், அங்கே அடைமழை, இங்கே இலை கொட்டி முடிந்திருந்தது. இல்லத்தில் மதிய இடைவேளையில் தம்பி சரவணனின் அழைப்பு வந்தது. "அக்கா, ஒம் பேருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கு. தஞ்சாவூர் கோர்ட்டுன்னு போட்டிருக்கு. தபால்காரரு வாசல்லயே நிக்கிறாரு, வாங்கவா வேண்டாமான்னு அப்பா கேக்குறாங்க." அதற்குள் ஒரு அறையிலிருந்து மணி அடித்தார்கள். போனை வைத்துவிட்டு, நடந்துகொண்டே ஒரு குரல் செய்தி அனுப்பினேன். பதினோரு நொடி. அந்தப் பதினோரு நொடியை நான் பிறகு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. "அப்பா, வாங்காதீங்க. கையெழுத்து கிய்யெழுத்து போட்டுடாதீங்க. அவங்கதான் கேஸு போட்டிருக்காங்க. ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிடுங்க."

ஒன்பது வருடத்துக்கு முன் மஞ்சள் உறையில் பாடம் படித்தவள் நான். விழுந்த கடிதம் வந்த கடிதம் என்று இங்கே தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிறவள். அப்படிப்பட்டவளுக்கு, தஞ்சாவூர் என்றதும் அந்த அறிவெல்லாம் எங்கே போயிற்று? ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் தாங்கள் விட்ட இடத்திலேயே நிற்கிறது. என் ஊரில் அப்பா இன்னும் வயலின் நடுவில் நிற்கிறார், அமீனா இன்னும் கரையிலேயே நிற்கிறார். அதை நம்பித்தான் சொன்னேன். என்னைப் போல வெளியில் இருந்துகொண்டு போனில் யோசனை சொல்லும் எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

சரவணன் அதோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் யார் வீட்டுத் தபாலையும் யாரும் வாங்கிவைப்பார்கள். சித்தப்பாவோ சித்தியோ நல்லெண்ணத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடக் கூடாதே என்று, என் குரல் செய்தியை அப்படியே 'நம்ம சொந்தம்' என்கிற வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். அந்தக் குழுவில் அத்தையும் இருந்தார். அத்தையின் மகளும் இருந்தார். சண்டை வந்தாலும் சொந்தத்தைக் குழுவிலிருந்து நீக்குவது எங்கள் வீட்டில் செத்த வீட்டுக்குப் போகாததற்குச் சமம், அதனால் யாரும் யாரையும் நீக்கவில்லை. அத்தை அந்தச் செய்தியைக் கேட்டார் என்பதற்கு இரண்டு நீல டிக் இருந்தது. ஒரு வார்த்தை பதில் போடவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தபால்காரர் உறையின் மேல் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து அமீனா வந்தார். பழைய அமீனா இல்லை, சின்ன வயதுக்காரர். அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, வயலுக்கு ஓட முடியாது. வாசலிலேயே நின்று பேசியிருக்கிறார். "பொண்ணு இங்க இல்லீங்க. வந்தா சொல்றேன்" என்றிருக்கிறார். அந்தப் பையன் துளியும் வற்புறுத்தவில்லையாம். பையிலிருந்து பசையை எடுத்து, நோட்டீஸை எங்கள் வாசல் கதவில் ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, போனில் கதவைப் படம் பிடித்துக்கொண்டு, "வரேங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஊர் பார்க்கிறதே என்று அம்மா தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கிழித்துவிட்டார். அதில் விசாரணைத் தேதி இருந்திருக்கிறது. அதை யாரும் படிக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வாங்காத கடிதத்தில் தேதி எங்கிருந்து வரும்?

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் மோசம். மார்கழி போயிற்று, பொங்கல் போயிற்று. அப்பா போனில், "பாத்தியா, சத்தத்தையே காணோம்" என்றார். அத்தான் ஞாயிறுதோறும் யாழினியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார், பல் விழுந்ததைக் கேட்டார், பல்லை வீசினாயா வைத்திருக்கிறாயா என்று சிரித்தார். என்னிடமும் தன்மையாகவே பேசினார். வழக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தொட்டால் வந்துவிடும் என்று நான் இருந்தேன். அவர் எதற்காக இருந்தார் என்பது மாசியில் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலை, நான் யாழினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து பதினாலு பக்கம் படங்களாக வந்தன. கீழே இரண்டு வரி. "ஜட்ஜ்மென்ட் வந்துருச்சு. லீவுக்கு யாழினிய அனுப்பி வை, திரும்ப அனுப்ப வேண்டியதில்ல."

எதிர்மனுதாரர் பல வாய்ப்புகள் அளிக்கப்பட்டும் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்கப்படுகிறது. அத்தான் அதில் மனுதாரர், நான் எதிர்மனுதாரர். திருமணம் ரத்து. மைனர் குழந்தை யாழினியின் பொறுப்பு மனுதாரருக்கு. கணவரைக் கைவிட்டுப் போனவள் என்று என்னை எழுதியிருந்ததைக்கூட என்னால் விழுங்க முடிந்தது. திருமணம் வேண்டாம் என்று கேட்டிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். பின்னலை முடிக்காமல் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "அம்மா, வலிக்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டேன்.

படித்ததைத் திரும்பப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மனுவில் என் முகவரி நியூரன்பெர்க் இல்லை. 'தற்போது தன் தந்தையின் இல்லத்தில் வசித்துவருபவர்' என்று எங்கள் கீழ்வேளூர் வீட்டின் கதவு எண்ணைக் கொடுத்திருந்தார். நான் இருக்கும் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்தவரே அவர்தான். கீழே அந்தத் தகரப் பெட்டியில் அவர் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது. இங்கே அனுப்பினால் பெட்டிக்குள் விழும், நான் எடுப்பேன், எதிர்த்து நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். அங்கே அனுப்பினால் அப்பா வாங்கமாட்டார் என்றும் தெரியும். அமீனா கதையைக் கல்யாணத்தில் கேட்டுப் புரையேறச் சிரித்தவர் அல்லவா. நாங்கள் மார்தட்டிக்கொண்ட வித்தையை வைத்தே எங்களை அடித்தார். வெளியாள் யாரும் இதைச் செய்திருக்க முடியாது. சொந்தக்காரனால்தான் முடியும்.

தஞ்சாவூரில் ஒரு பெண் வக்கீலைத் தோழி ஒருத்தி பிடித்துக் கொடுத்தாள். கலைவாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வயதுதான் இருக்கும். வீடியோவில் அவருக்குப் பின்னால் கேஸ் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நான் படபடவென்று கேட்டேன். நான் இல்லாமல் எப்படித் தீர்ப்பு வரும்? பிள்ளை ஜெர்மனியில் இருக்கும்போது அங்கே எப்படி முடிவு செய்வார்கள்? ஊருக்கு வந்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களா? அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். மொதல்ல நான் கேக்குறதுக்குச் சொல்லுங்க. அந்தக் கீழ்வேளூர் வீட்ல நீங்க இருக்கீங்களா?"

"அது எங்க வீடுங்க."

"வீடு யாரோடதுன்னு கேக்கல. இருக்கீங்களான்னு கேட்டேன்."

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் சொன்னதை என் போன்றவர்களுக்காக எழுதிவைக்கிறேன். கோர்ட்டு நோட்டீஸை வாங்க மறுத்தால் வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் நாட்டிலும் அப்படித்தான், எப்போதுமே அப்படித்தான். அப்பாவின் பழைய வழக்கு முடிந்தது நிலச் சொந்தக்காரர் சலித்துப்போனதால், கையெழுத்துப் போடாததால் இல்லை. இத்தனை வருடம் நாங்கள் கொண்டாடிய வெற்றி வெறும் அதிர்ஷ்டம். அதைக் கேட்டபோது தீர்ப்பைப் படித்தபோதைவிடவும் கூசிப்போனேன். ஒருதலைப்பட்சமான தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம்; அதற்கு நாள் கணக்கு உண்டு, தாமதிக்கக் கூடாது. அதுவரை யாழினியைக் கூட்டிக்கொண்டு இந்தியாவில் கால் வைக்காதீர்கள், வைத்தால் தீர்ப்பைக் காட்டிப் பிள்ளையைக் கேட்பார்கள், அப்போது நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"நோட்டீஸ் வந்ததே தெரியாதுன்னு போட்டுடலாமாங்க?" என்று அடுத்த அழைப்பில் கேட்டேன். கேட்டதற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் கேட்டேன்.

"போடலாம். அப்பறம் அவங்க ஒங்க வாய்ஸ் மெசேஜப் போடுவாங்க. அத எனக்கு எதிர்த்தரப்பு வக்கீலே போட்டுக் காட்டிட்டாரு. பதினோரு செகண்டு. கேஸு போட்டிருக்காங்கன்னு நீங்களே சொல்றீங்க." பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். "பொய் வேண்டாம். ஒங்ககிட்ட ஒரே ஒரு உண்மை இருக்கு, அது போதுமான்னு பாப்போம். நீங்க அந்த வீட்ல இல்ல. ஒங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய எடம் ஜெர்மனி. அத நீங்களும் சத்தியம் பண்ணிச் சொல்லணும், ஒங்க அப்பாவும் சொல்லணும்."

பிரமாண வாக்குமூலத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுப்பினார். மூன்றாவது பத்தியில் இருந்தது: மேற்படி முகவரியில் உள்ள இல்லம் என்னுடைய வசிப்பிடம் அன்று, அங்கு நான் வசிக்கவும் இல்லை, வசிக்கும் எண்ணமும் இல்லை. நோட்டார் எனப்படும் இங்குள்ள சட்ட அதிகாரிக்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வயதானவர், ஆங்கிலப் பிரதியை வரிவரியாகப் படித்தார். இந்த ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். கீழ்வேளூர் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் மூன்றுமுறை முயன்று தோற்றுவிட்டுச் சிரித்தார். "விடுமுறைக்குப் போகிற இடமா?" என்று இயல்பாகக் கேட்டார். ஆமாம் என்றேன். இருபத்தாறு வருடம் நான் சோறு தின்று வளர்ந்த வீட்டை ஒரு கையெழுத்தில் விடுமுறைக்குப் போகிற இடமாக ஆக்கிவிட்டு வெளியே வந்து, டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் என் பெயருக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பட்டாவில் அப்பா பெயர், நாளைக்கு அது தம்பி பெயர். ரேஷன் கார்டில் இருந்த என் பெயரைக் கல்யாணம் ஆன மாதமே எடுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் எப்போது பேசினாலும் முடிக்கும்போது, "ஒன் வீடு இருக்கு, எப்ப வேணா வா" என்பார். வாய்வார்த்தையாக நான் வைத்திருந்த ஒரே உரிமை அது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்காரி நான் என்று முதன்முதலாக எழுத்தில் எழுதியது அத்தானின் மனு. எங்கள் வாசல் கதவில் என் முழுப்பெயர் ஏறியதும் அந்த ஒரே ஒருமுறைதான். அதையும் அம்மா தேய்த்து எடுத்துவிட்டார்.

பங்குனி கடைசியில் விசாரணைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். குரல் செய்தியை எதிர்த்தரப்பு தாக்கல் செய்துவிட்டது. "எப்படி எடுத்துக்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்கிறார் கலைவாணி. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் அவர் இதற்கு மட்டும் அப்படிச் சொல்கிறார். ஞாயிறு வீடியோக்கள் இப்போதும் நடக்கின்றன. போன வாரம் அத்தான் யாழினிக்குத் தஞ்சாவூரில் ஒரு அறையைக் காட்டினார். சுவரில் இளம் ஊதா வண்ணம், சின்னக் கட்டில், புது மேசை. "யாருக்குப்பா?" என்று கேட்டாள். "யாருக்குன்னு நெனைக்கிற?" என்றார். அவள் சந்தோஷமாக என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "லீவுக்குப் போறோமாம்மா?" நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நேற்று அப்பா தஞ்சாவூருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இன்று காலையில் நான் வேலைக்குக் கிளம்பி, கீழே பெட்டி வரிசைக்கு முன்னால் நிற்கும்போது அழைத்தார்.

"போட்டுட்டேம்மா. அந்த மேடம் படிச்சுக் காட்டுனாங்க. எம்பொண்ணு என் குடும்பத்துல ஒருத்தியா எங்கூட இல்லன்னு எழுதியிருந்துச்சு. சரிதானாய்யான்னு கேட்டாங்க. சரின்னேன்."

"அது கோர்ட்டுக்காகப்பா."

"தெரியும்மா. யாழினிக்காகத்தானே." எங்கள் ஊர் ஓடம்போக்கி ஆற்றின் கரையில் போகும் பஸ்ஸின் சத்தம் போனில் கேட்டு ஓய்ந்தது. வாசலில்தான் நின்றிருக்க வேண்டும். "ஒண்ணு கேக்கணும். இனிமே ஒம் பேருக்கு ஏதாச்சும் தபாலு வந்தா வாங்கவா, வேண்டாமா?"

"வாங்கிடுங்கப்பா. இனிமே எது வந்தாலும் வாங்கிடுங்க."

"எப்படிம்மா வாங்கறது?" என்றார் அப்பா. "நீ இங்க இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேனே."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், என்னிடம்தான் எப்போதும் யோசனை கேட்பார். என் கையில் பெட்டிச் சாவி இருந்தது. பெட்டியின் மேல் அத்தானின் பெயரும் அதற்குக் கீழே என் பெயரும் ஒட்டியிருந்தன. இடுக்கில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. அப்பா லைனில் காத்துக்கொண்டிருந்தார்.